நூல் கட்டிய அலமாரி

அந்த ஓட்டல் லாண்டரியில் அவளை இஸ்திரி அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். துணி ஸ்டோருக்கு உதவி ஆள் வேண்டும் என்றதும் ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதி ஸ்டோர்காரரிடம் நீட்டினாள். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ரிசப்ஷன் பெண்ணிடம் கொடுத்து, சாப்பாட்டு அறையில் இருபது பேர் முன்னால் உரக்கப் படிக்க வைத்தார். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு சிரிப்பு.

"மொதல்ல தலையணை உறைக்கு இங்கிலீஷ்ல என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வாம்மா" என்றார்.

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த ஆளை இதே மேஜையில் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டாள்.

சட்டைக்குள் வைக்கும் அட்டைகளைப் பாதியாக வெட்டி, ஒரு துண்டில் 'பாத்', இன்னொன்றில் 'டவல்' என்று எழுதி இஸ்திரி மேஜையில் பரப்பினாள். சேர்த்துச் சேர்த்து வைத்ததில் சூட்சுமம் பிடிபட்டது. பின்னால் நிற்பதுதான் பொருள்; முன்னால் நிற்பது அது எந்த வகை என்று சொல்ல வந்த எடுபிடி. பாத் மேட் தெரிந்ததும் டோர் மேட் தானாக வந்தது. சிலவற்றை ஒட்டி எழுத வேண்டும், சிலவற்றை விட்டு எழுத வேண்டும். அதற்கு ஒரு நியாயமும் இல்லை. அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு மனப்பாடம் செய்தாள்.

"தூக்கத்துல டவல்ங்கிற. எந்த டவல்னும் சேத்துச் சொல்ற" என்று புருஷன் புலம்பினான்.

ஸ்டோர் அலமாரியில் பெயர்களே கிடையாது. மடித்து அடுக்கினால் வெள்ளைத் துணியெல்லாம் ஒன்றுபோல் தெரியும் என்பதால் தட்டுக்குத் தட்டு கலர் நூல் கட்டியிருக்கும். எந்த நூல் எதற்கு என்பது ஸ்டோர்காரருக்கு மட்டுமே வெளிச்சம். எட்டு மாதம் கழித்து அவர் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தபோது ஓட்டலே தடுமாறியது. மேனேஜர் தலையில் கை வைத்தார்.

"பேர் எழுதி ஒட்டிட்டா யார் வேணா எடுக்கலாம் சார். நான் எழுதறேன்" என்றாள் அவள்.

அறுபது தட்டுக்கும் இங்கிலீஷில் பெயர் எழுதி ஒட்டினாள். நூல்களை ஒன்று விடாமல் கத்தரித்தாள். அதுவரை காலியாகவே கிடந்த உதவி ஆள் வேலையும் அவளுக்கே கிடைத்தது.

ஸ்டோர்காரர் திரும்பி வந்தார். பாத் மேட் கேட்டவனுக்கு பாத் டவலை எடுத்துக் கொடுத்தார். அன்று மனுவை அவர் ஏன் படிக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கணம் பாவமாக இருந்தது. அந்த இருபது பேரின் சிரிப்பு நினைவுக்கு வந்ததும் அது போய்விட்டது.

மதியம் சாப்பாட்டு மேஜையில் ஸ்டோர் பட்டியலை அவர் முன்னால் வைத்தாள்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒருவாட்டி படிச்சுக் காட்டுங்க சார்."

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர் காகிதத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

"கண்ணாடிய வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன்."

கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

"பரவால்ல சார், நானே படிக்கறேன்" என்றாள். "மொதல் வரி, அன்னிக்கு நீங்க கேட்டீங்களே, அதுதான். பில்லோகேஸ். தலையணை உறை."

யாரும் சிரிக்கவில்லை. அவர் தலை நிமிரவில்லை. அவள் மட்டும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.