நீல் ஹாலரனின் காலைச் சவாரி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கைபேசியில். ஆஸ்திரேலியாவில், எங்கள் ஊரான பெண்டிகோவில் ஒரு செவ்வாய்க்கிழமை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. முதல் வரியை அங்கேயே மனதில் எழுதிவிட்டேன்:

செத்துப்போன நீல் ஹாலரன் இன்று காலை சைக்கிளில் வேலைக்குப் போனார்.

வாரப் பத்திரிகைத் தொடர்களைத் தின்று வளர்ந்தவன் நான். இப்படி ஒரு வரி சிக்கினால் மூன்று மாதம் ஓட்டுவேன். (பிணவறை. காணாமல் போன உடல். எட்டாவது வாரத்தில் இரட்டைச் சகோதரன்.) ஆனால் நீல் என் நண்பர். சனிக்கிழமை தோறும் பழைய ரயில் தடத்தில் சேர்ந்து ஓட்டுவோம். தண்டவாளத்தைப் பெயர்த்து ஜல்லி போட்ட பாதை. ரயிலைத் தவிர எல்லாரும் போகலாம்.

2

இரண்டாவது தொடக்கம்: மழை. வளைவு. விளக்கில்லாமல் வந்த லாரி

வேண்டாம். லாரி இல்லை. தெருவிலிருந்த குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்து வரும்போது நீலின் இதயம் நின்றுவிட்டது. சைக்கிள் ஷெட்டில் இருந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல். எந்த ஆசிரியரும் இதை வாங்கமாட்டார். "சப்புன்னு இருக்கே சார்" என்பார்.

அது கிராவல் சைக்கிள். வளைந்த கைப்பிடி, தடித்த டயர். தாரிலும் போகும், ஜல்லியிலும் போகும். கடையில் இருந்ததிலேயே மலிவு. மட்கார்டும் கேரியரும் மாட்டி வாரநாளில் வேலைக்கு, சனிக்கிழமை அதே கோலத்தில் எங்களோடு. ஷேன் சீண்டாமல் விடமாட்டான். நீலின் பள்ளித்தோழன், பிளம்பர், விலை கூடின கார்பன் சைக்கிள்காரன்.

"என்னடா, பண்ணை கேட்டக் கழட்டிச் சக்கரம் மாட்டிட்டியா?"

"கேட்டுதான். முன்னாடி போய்த் தொறந்து வைக்கிறேன், மெதுவா வா."

சொன்னதைச் செய்தார். ஆக்ஸ்டேல் பாலத்துக்கு முன்னால் ஒரு நீளமான துண்டு உண்டு. அதில் யார் எவ்வளவு வேகம் என்று எங்கள் கைபேசியிலுள்ள சைக்கிள் செயலி பட்டியல் போடும். முதல் பெயர் நீல். இரண்டாவது ஷேன். வருஷக்கணக்காக முட்டி மோதியும் ஷேனால் முடியவில்லை. நீலை அடக்கம் செய்த பிறகு, அந்தத் துண்டு வந்ததும் நாங்கள் எல்லாரும் மெதுவாக மிதிப்போம். யாரும் சொல்லிவைக்கவில்லை. இறந்தவன் நேரத்தை முறியடிப்பது என்பது

[இந்த வாக்கியம் முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.]

3

ட்ரூடியை எழுத எனக்குப் பயம். நீலின் மனைவி, ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. நான் எழுதும் விதவைகள் ஜன்னலருகே அழுவார்கள். இவள் நீலின் சைக்கிளை எடுத்து வேலைக்குப் போக ஆரம்பித்தாள். சீட் ரொம்ப உயரம். சிக்னலில் கால் கட்டைவிரல் நுனியில் ஆடிக்கொண்டு நிற்பாள்.

"சீட்ட இறக்கேன் ட்ரூடி," என்றேன்.

"இறக்கினா அவன் உயரம் போயிடும்."

கைப்பிடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. ஏறும்போதெல்லாம் நீல் அதை அமுக்குவார்; பீப் என்னும். அவளும் அமுக்கினாள். வேகம் காட்டும் சாமான் என்றுதான் நினைத்தாள். அதுவோ வீடு திரும்பியதும் சவாரியைத் தானாகச் செயலிக்கு அனுப்பிவிடும், நீலின் கணக்கில். எங்கள் எல்லார் கைபேசியிலும் வந்தது: நீல் ஹாலரன், காலைச் சவாரி.

(முதல் நாள் பற்பசையை விழுங்கிவிட்டேன். மறுநாள்தான் புரிந்தது.)

யாரும் அவளிடம் சொல்லவில்லை. பதிலாக, செயலியில் ஆளுக்கொரு சபாஷ் போட்டோம். தினமும் முதல் சபாஷ் ஷேனுடையது.

4

செப்டம்பர். மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை குஞ்சு பொரிக்கும் பருவம். பறவை தலையில் கொத்தாமலிருக்க ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் டேக்குகளை நுனி நீட்டிச் செருகி, முள்ளம்பன்றிகளாகத் திரிவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்ரூடி தனியாகக் கிளம்பியிருக்கிறாள், டேக் இல்லாமல். செயலி பட்டியல் போடும் அந்தத் துண்டில் பறவை பாய்ந்தது. பின்னால் பலத்த மேற்குக் காற்று. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாலம்வரை மிதித்தாள்.

மாலையில் ஷேன் என் வாசலில் நின்றான்.

"டேய், அவன் நேரம் போச்சுடா. ட்ரூடி அதவிட வேகமா போயிட்டா, அவன் கணக்குலயே."

"அவன் பேருதானே மேல இருக்கு?"

"பேரு இருக்கு. அவன் இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அந்தக் காத்துல எங்கம்மாகூட ஜெயிச்சிருப்பா."

5

அடுத்த சனிக்கிழமை, ஆக்ஸ்டேலில், கறி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம் விற்கும் கடை வாசல் பெஞ்சில் ட்ரூடியிடம் சொன்னோம்.

"இத்தன நாளா வாய மூடிக்கிட்டு கைதட்டிட்டு இருந்தீங்களா, கழுதைங்களா?"

"சொன்னா நிறுத்திடுவியோன்னு பயம்," என்றான் ஷேன்.

அவள் என் கைபேசியை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "இந்த சபாஷெல்லாம் யாருக்கு? எனக்கா, அவனுக்கா?"

ஷேன் தன் பையின் மேல் தக்காளி சாஸைப் பிதுக்கினான். பை மறையும்வரை பிதுக்கினான்.

"அந்த ஒரு சவாரிய அழிச்சா அவன் நேரம் திரும்ப வந்துடும்," என்றேன். "கருவிய உன் பேருக்கும் மாத்திக்கலாம்."

"மாத்தினா அவன் காலைல கெளம்பறது நின்னுடும்."

"ஆமா."

"கடைசில ஒரு மேக்பைகிட்ட தோத்துட்டான் என் புருஷன்." சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அவள் நிறுத்தியது தெரியாமல் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டோம்.

"ஷேன், உன் ஆலன் கீய எடு."

திருகைத் தளர்த்திச் சீட்டை இறக்கினாள். அதிகமில்லை, இரண்டு விரற்கடை.

"முட்டி வலிக்குது," என்றாள், நாங்கள் எதுவும் கேட்காமலேயே. "இது வேற விஷயம்."

கருவியை அமுக்கினாள். பீப். பாதையில் ஏறிப் போய்விட்டாள்.

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைச் சவாரியை அவள் அழிக்கிறாள்; நீல் தன் சொந்த நேரத்துக்குத் திரும்புகிறார். (ஆசிரியருக்குப் பிடிக்கும்.) அல்லது பெயரை மாற்றுகிறாள், நீல் இரண்டாம் முறை இறக்கிறார். அல்லது எதையும் தொடாமல், அவர் பெயரிலேயே வருஷங்களுக்கு வேலைக்குப் போய் வந்து, கிழவியாகி, மெதுவாகி

இல்லை. இதை என்னால் எழுத முடியவில்லை.

இன்று திங்கட்கிழமை. இந்தப் பத்தியின் நடுவில் கைபேசி ஒலித்தது. யாரோ காலைச் சவாரியை முடித்திருக்கிறார்கள். திரையைப் பார்க்காமல் மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அடுத்து என்ன, அடுத்து என்ன என்று ஊரைத் தவிக்கவிட்டுப் பிழைத்தவன். இது மட்டும் எனக்குத் தெரிய வேண்டாம்.

நீங்கள் திருப்பிப் பாருங்கள். என்னிடம் சொல்லாதீர்கள். எந்தப் பெயராக இருந்தாலும் ஒரு சபாஷ் போட்டுவிடுங்கள்.