இருபத்திரண்டு மட்டுமே மிச்சம்

1987 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு, டிவியில் சாமான் விற்கும் கல்ஃப்லைன் பஜார் சானலின் கிடங்கில் இருந்த ஆறாயிரம் சுவர்க்கடிகாரங்களில் நாற்பது போக மீதியெல்லாம் இல்லாமல் போயின. திருட்டு இல்லை. பூட்டு பூட்டியபடி இருந்தது, பெட்டிகள் அடுக்கியபடி இருந்தன, உள்ளேதான் ஒன்றும் இல்லை. காரணம் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதே பத்தே காலுக்குக் கேமரா முன்னால் அறிவிப்பாளர் சேவஸ்தி குலியானோஸ், "இன்னும் நாப்பதுதான் மிச்சம், யோசிக்கிறவங்க யோசிச்சுக்கிட்டே இருங்கம்மா" என்று சொல்லியிருந்தாள். அது அந்தத் தொழிலின் வாய்ப்பழக்கம். டேம்பா வளைகுடாவில் கேபிளில் கடை விரித்த நாளிலிருந்து எல்லா அறிவிப்பாளர்களும் அந்தப் பொய்யைச் சொல்லித்தான் வயிறு வளர்த்தார்கள். திரையின் மூலையில் மிச்சம் எவ்வளவு என்று ஓர் எண் நிற்கும், ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் ஒன்று குறையும், பார்க்கிறவளுக்குக் கை பதறும். சேவஸ்தி சொன்ன பொய் மட்டும் அன்றைக்கு உண்மையாகிவிட்டது.

முதலாளி பாய்ட் ட்ரஸ்காட் பழைய படகு விற்றுக்கொண்டிருந்த ஆள். கேபிள் கம்பெனிகளிடம் நிரப்ப ஆளில்லாமல் காலியாகக் கிடந்த ஒரு சானல் எண்ணை, அந்தந்த ஊர் விற்பனையில் பங்கு தருகிறேன் என்று பேசி, வானிலைச் சானலுக்கும் ஜெபச் சானலுக்கும் நடுவில் வாங்கியவர். கடிகாரம் போன ஆத்திரத்தில் குதிகுதியென்று குதித்துவிட்டு, ராத்திரி யோசித்திருப்பார் போலும். மறுவாரம் பன்னிரண்டு வாணலி மட்டும் இருந்த கிடங்கைப் பூட்டிவிட்டு, "முன்னூறு மிச்சம்னு சொல்லு பாப்போம்" என்றார். சொன்னாள். முன்னூறு இருந்தன. நேரலையில், எண் திரையில் நிற்கும்போது, அவள் வாயிலிருந்து வந்தால்தான் பலிக்கும். மற்ற அறிவிப்பாளர்கள் தொண்டை வறளக் கத்தியும் ஒரு கரண்டி கூடவில்லை. அதற்குப் பிறகு ட்ரஸ்காட் எந்தத் தொழிற்சாலையிலும் மாதிரிக்கு ஒன்றுக்கு மேல் வாங்கியதில்லை. 1989இல் நாட்டில் பதினொரு விற்பனைச் சானல்கள் இருந்தன. ஒரு திங்கட்கிழமை சேவஸ்தியைவிட்டு "நாட்டுல ரெண்டே ரெண்டு விற்பனைச் சானல்தான் மிச்சம்" என்று சொல்லவைத்தார். செவ்வாய்க்கிழமை ஒன்பது சானல்களில் நிகழ்ச்சி இல்லாமல் வண்ணப்பட்டைகள் மட்டும் தெரிந்தன. அங்கே வேலை பார்த்தவர்கள் மனக்குறை ஏதுமின்றி பல்மருத்துவமனைகளிலும் மீன்கடைகளிலும் சேர்ந்துகொண்டார்கள்.

சேவஸ்திக்கு அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. நாக்கைக் கத்தி போலச் சுமந்து திரிந்தாள். காரில் போனால் விரல் தாளம் போடும், சர்ச்சில் நின்றால் கால் மாற்றி மாற்றி நிற்பாள். அதற்குமேல் வந்தது 1990. அவள் கணவன் நோமிகோஸ், டார்ப்பன் ஸ்பிரிங்ஸில் கடல்பஞ்சு எடுக்க மூழ்குகிறவன், ஐம்பத்திரண்டு வயது, படகிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். "ஒரு கோடை. தப்பினா ரெண்டு" என்றார் டாக்டர். நேயர்களுக்கெல்லாம் நோமிகோஸைத் தெரியும்; சேவஸ்தி பாத்திரம் விற்கும்போதெல்லாம் அவன் குறட்டையையும் கூரை ஏறும் சாமர்த்தியத்தையும் சேர்த்தே விற்பாள். ஒஹாயோவிலிருந்தும் நெப்ராஸ்காவிலிருந்தும் கைம்பெண்கள் வாணலி வாங்க அழைத்து, "செல்லம், உன் வீட்டுக்காரர் சாப்பிட்டாரா?" என்று கேட்பார்கள்.

அவள் மனதில் இருந்தது அவனுக்குப் புரிந்துவிட்டது. "இந்தா, நான் என்ன வாணலியா, எண்ணிக்கை போட்டு வைக்க? என்னிக்குப் போவேன்னு தெரியாமப் போறதுதான்டி மனுஷனுக்கு மரியாதை" என்றான். "உன் மரியாதையை உப்புப் போட்டு ஊறவை. நான் தனியா இருக்க மாட்டேன்" என்றாள் அவள். மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை.

ஆகஸ்டு கடைசியில், ஒரு துவாலை விற்பனைக்கு நடுவில், கேமராவை நேராகப் பார்த்துச் சொல்லிவிட்டாள்: "என் நோமிகோஸுக்கு இருபத்திரண்டு வருஷம் மிச்சம்." மூலையில் 22 என்று வந்து நின்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். அடுத்த நொடி 21 ஆனது.

யாரைக் குற்றம் சொல்ல? பக்கத்துக் கூடத்தில் தொலைபேசியோடு உட்கார்ந்திருந்த அறுபது பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: எண் நின்றால் ஆர்டர் எடு, பொருள் என்னவென்று யோசிக்காதே. எடுத்தார்கள். டொலீடோவில் ஒருத்தி, ஒமாஹாவில் ஒருத்தி, சேவஸ்தியின் பேச்சில் கேட்டே அவனை விரும்பிய ஒரு விதவைப் பள்ளிக்கூட ஆசிரியை. "ஐயோ நிறுத்துங்க! இது விற்பனைக்கு இல்லீங்க!" என்று சேவஸ்தி கேமரா முன்னால் அலறினாள். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான விற்பனைப் பேச்சை நேயர்கள் கேட்டதில்லை, அழைப்புகள் இரட்டித்தன. பதினாலு, ஒன்பது, நாலு. அவள் துவாலைகளை உதறிவிட்டு ஓடி, தரைவிரிப்பில் தடுக்கி விழுந்து எழுந்து, படப்பிடிப்புத் தளத்து ஃபோனில் ஆர்டர் எண்ணைச் சுழற்றினாள். கடைசி ஒரு வருஷம் அவளுக்குக் கிடைத்தது. ஆர்டர் எடுத்த பெண் அவள் குரலை அடையாளம் கண்டும் முகவரியை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள்.

செப்டம்பர் மூன்றாம் தேதி, முதல் வருஷத்தை வாங்கியவள் வீட்டுக்கு அவனைக் கொண்டுபோக வண்டி வந்தது. நோமிகோஸ் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் ஆலிவும் கையில் தொப்பியுமாக ஏறினான். "சொன்னேன் கேட்டியா?" என்று மட்டும் கேட்டான். அவள் வண்டியின் கண்ணாடியை அடித்து அடித்து அழுதாள். ஓட்டுநர் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு வண்டியை எடுத்தார்.

வருஷத்துக்கு ஒருத்தி வீடாக, இருபத்தோரு வருடம் அவன் நாடு முழுக்க இருந்தான். இதயம் ஒருநாளும் வலிக்கவில்லை. கூரை வேய்ந்தான், பனி அள்ளினான், கிழவிகளோடு சீட்டாடித் தோற்றான். ஒரு முறை சேவஸ்தி டொலீடோ வரை காரோட்டிப் போய், சமையலறை ஜன்னலுக்குள் அவன் யாருக்கோ உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பிவந்தாள். விற்ற சாமானைக் கடைக்காரி போய்க் கேட்கலாமா? கேமராவுக்கு முன்னால் அதன்பின் அவள் எந்த எண்ணையும் சொல்லவில்லை. அதனால் அவளைக் காலை நேரத்திலிருந்து விடியற்காலைக்குத் தள்ளினார்கள். ட்ரஸ்காட் நியூயார்க்காரர்களுக்குச் சானலை விற்றார், அவர்கள் டென்வர்காரர்களுக்கு விற்றார்கள், டென்வர்காரர்கள் அதில் பேய்வீடுகளைக் காட்டினார்கள். கேபிள் இணைப்பை ஜனங்கள் ஒவ்வொருவராக அறுத்துக்கொண்டார்கள். சேவஸ்தி ஓய்வுபெற்றாள். வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்ப் பார்ப்பாள்.

2011 செப்டம்பர் மூன்றாம் தேதி மத்தியானம் வண்டி நின்றது. எழுபத்து மூன்று வயது நோமிகோஸ் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். ஓட்டுநர் நீட்டிய தாளில் சேவஸ்தி கையெழுத்துப் போட்டாள். பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று அதில் அச்சடித்திருந்தது.

"கிழவியாயிட்டியே" என்றான்.

"நீ மட்டும் கல்யாண மாப்பிள்ளையாக்கும். உள்ள வா."

அவன் மேசையில் உட்கார்ந்து, எலுமிச்சை பிழிந்த மீனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சேவஸ்தி, நமக்கு இன்னும் எவ்வளவு..." என்று ஆரம்பித்தான்.

"வாயை மூடு. மீன் ஆறுது" என்றாள்.

அடுத்த செப்டம்பர் மூன்று வரை சாயங்காலங்களில் இருவரும் படகுத்துறையில் நடப்பதை டார்ப்பன் ஸ்பிரிங்ஸ் பார்த்தது. செப்டம்பர் நாலாம் தேதி அவள் தனியாக நடந்தாள். ஊர்க்காரர்கள் தொப்பியை எடுத்து, நல்ல வருஷமா என்று கேட்டார்கள். நல்ல வருஷந்தான் என்றாள்.