யாருடைய கை

அட்டைப்படத்தில் இருந்த இடது கை யாருடையது என்று எங்களுக்குப் புரியவில்லை.

படத்தில் இருப்பவள் ஒரே ஒருத்திதான். பேருந்து ஓட்டும் என் அக்கா. பேருந்தின் கதவோரம் நின்று இடது கையை இடுப்பில் ஊன்றியிருக்கிறாள். ஆனால் பின்னால் ஒளிந்து நிற்கும் வேறு யாரோ அவளைப் பிடித்திருப்பது போலவே இருந்தது.

"பின்னாடி ஆள் யாராவது நின்னாங்களா?" என்று கேட்டார் ஸ்கேல். எங்கள் பத்திரிகையின் வடிவமைப்பாளர். இரும்பு ஸ்கேல் இல்லாமல் சாப்பிடக்கூடப் போகமாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

"யாரும் இல்ல சார். நான் அங்கதானே இருந்தேன்."

"அப்ப இது?"

"அதான் தெரியல."

ஃபேஷன் பத்திரிகைக்குப் படங்களைத் திருத்துவது என் வேலை. எப்படித் திருத்துகிறோம் என்று சொன்னால்தான் சிக்கல் விளங்கும். எங்கள் கணினியில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. நன்றாக விற்ற எட்டு அட்டைகளில் இருந்த பெண்களை ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி, சராசரி பார்த்து ஸ்கேல் வரைந்த உருவம் அது. வக்கீலோ பாடகியோ, அட்டைக்கு வருகிறவள் அந்தக் கோட்டுக்குள் போய் நிற்க வேண்டும். மார்பு ஏறும், இடுப்பு உள்ளே போகும், உதடு சற்றே திறந்து ஈரமாகும்.

இந்த மாதம் உழைக்கும் பெண்கள் சிறப்பிதழ். அக்காவைச் சம்மதிக்க வைத்தவள் நான்.

"பஸ்ல ஏறுறவன் முதல்ல என் உடம்பைப் பார்க்கிறான், அப்புறம்தான் நான் டிரைவர்னு பார்க்கிறான்," என்றாள் அவள். "பத்து வருஷமா அதை மாத்தத்தான் படாதபாடு படுறேன். நீ கெடுத்துடாதடி."

"நீ நீயாவேதான் இருப்ப," என்று வாக்குக் கொடுத்தேன். அவள் பார்த்துச் சரி என்ற பிறகே அச்சுக்குப் போகும் என்றும் பேச்சு. மூன்று மணிக்கு வருவாள். நான்கு மணிக்கு அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

வாக்குக் கொடுத்துவிட்டு ஏன் கோட்டுக்குள் இழுத்தேன் என்று கேட்கலாம். அதை நான் திருத்தம் என்றே நினைப்பதில்லை. படம் வந்ததும் முகம் கழுவிவிடுவது மாதிரி, கை தானாகச் செய்துவிடும்.

முதலில் வெளிச்சத்தைச் சந்தேகப்பட்டேன். நிழல் சரியாகவே விழுந்திருந்தது. கையை இடுப்பை நோக்கி நகர்த்தினேன். முழங்கை ஒடிந்தது போல ஆனது. முழங்கையை இழுத்தேன். பின்னாலிருந்த கதவுக் கம்பி வளைந்தது. கம்பியை நிமிர்த்தினேன். தோள் இறங்கிவிட்டது.

"பேசாம கையை எடுத்துடும்மா," என்றார் ஸ்கேல்.

"ஒத்தைக் கையால எப்படி சார் பஸ் ஓட்டுவா?"

"அட்டையில யாரு ஓட்டப்போறா?"

அக்கா சீருடையோடு வந்தாள். தண்ணீர் பாட்டிலை என் மேசையில் வைத்துவிட்டுத் திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"கை என்னோடதுதான். இஞ்சின் மூடி சுட்ட தழும்பு இருக்கு பாரு," என்றாள். "மத்ததெல்லாம் யாரோடது?"

காலையிலிருந்து கையைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

"சட்டையில ரெண்டு பட்டன் திறந்திருக்கு. நான் போட்டுக்கிட்டுத்தானே நின்னேன்?"

"அது... இங்க திறந்தது."

"உள்ள தெரியுறது?"

"போன வருஷ அட்டையில இருந்து எடுத்தோம்."

"அடிப்பாவி! அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

ஸ்கேல் தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் அழகாத்தான்மா காட்டியிருக்கோம்."

"அழகாத்தான் சார் இருக்கா. ஆனா இவ வளையுற வளைவுக்கு பிரேக்குக்குக் கால் எட்டாது. எனக்குச் சம்மதம் இல்ல."

மணி மூன்றரை. "அப்படி ஏன்க்கா கையை வெச்ச?" என்று கேட்டேன்.

"ஸ்டைலுக்கா வெச்சேன்? எட்டு மணி நேரம் உக்காந்து எந்திரிச்சா முதுகு பிடிச்சுக்கும்." அதேபோல நின்று காட்டினாள். கட்டைவிரல் பின்னால் முதுகை அழுத்த, நான்கு விரல்கள் முன்னால் பதிந்தன. சட்டையின் சுருக்கமெல்லாம் உள்ளங்கையை நோக்கி ஓடியது. உடம்பின் பாரம் அந்தக் கையில் சாய்ந்திருந்தது.

அப்போதுதான் விளங்கியது. கை உடம்பை அழுத்துகிறது, உடம்பு கையைத் தாங்குகிறது. கோட்டுக்காக நான் உடம்பை உள்ளே இழுத்ததும், கை வெறும் காற்றை அழுத்திக்கொண்டு தனியே நின்றுவிட்டது. படத்தில் பிழையில்லாமல் மிஞ்சியிருந்தது அந்தக் கை மட்டும்தான்.

"எடிட்டர் மேடம் கேட்டா என்ன சொல்றது?" என்றார் ஸ்கேல்.

"கை சரியாயிடுச்சுன்னு சொல்லுங்க சார்."

சிவப்புக் கோட்டை அணைத்தேன். பட்டன்களைப் போட்டேன். உதட்டை மூடினேன். இடுப்பை, அது படமெடுத்தபோது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். கை ஒட்டிக்கொண்டது.