சாலை திறப்பதற்குள்

ஏரியின் தென்கரையில் ஒரு மருமகள் விடிகாலையில் சாலையில் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். வேறு எதற்காக ஒரு பெண் அந்த நேரத்தில் மூச்சு வாங்க ஓடப்போகிறாள்?

புருல்சா குழந்தை பெற்று ஐந்து மாதம் கழித்து முதன்முதலாக ஓட்டக் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பிய அன்று, எதிரே மாமனாரின் தம்பி ஜூமாபெக் காரில் வந்தார். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தார்.

“ஏறும்மா.”

“நான் சும்மா ஓடறேன் சின்ன மாமா.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. எர்மெக் கைய கிய்ய நீட்டினானா?”

“ஐயோ, அதெல்லாம் இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடியே நான் ஓடுவேன். மாரத்தான் ஓடினவ நானு. இப்ப மறுபடி ஆரம்பிச்சிருக்கேன்.”

“அப்ப முன்னாடியும் இதே பழக்கம்தானா?” என்று அவர் இன்னும் கவலைப்பட்டார். விளக்கம் சொல்லச் சொல்ல அவர் முகம் தொங்கிக்கொண்டே போனது. கடைசியில் அவள் ஏறித்தான் ஆகவேண்டியிருந்தது. வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து இறக்கி, அன்று விடுமுறையில் குழந்தையோடு தூங்கிக்கொண்டிருந்த புருஷன் எர்மெக்கை எழுப்பி உட்காரவைத்து, தேநீர் மேல் தேநீராகக் குடித்தபடி, பெண்டாட்டியை எப்படி வைத்துக்கொள்வது என்று பாடம் எடுத்தார். பாவம் எர்மெக், பெண்டாட்டியைப் பார்த்துக் குரலைக்கூட உயர்த்தத் தெரியாதவன். மத்தியானத்துக்குள் கணவாய்க்கு அப்பாலிருந்து புருல்சாவின் அப்பாவும் வாடகைக் கார் பிடித்து வந்து சேர்ந்துவிட்டார். அவருக்கு மூன்று பேர் போன் பண்ணியிருந்தார்கள்.

அதற்கெல்லாம் அசருகிறவளா புருல்சா? மறுநாளும் ஓடினாள். ஆனால் ஓடுவதென்றால் குழந்தையை யாரிடமாவது கொடுக்க வேண்டுமே. எர்மெக் நகரத்துக்கு வேன் ஓட்டுகிறவன், விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவான். மாமியார் மாஸ்கோவில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை. பேரனைப் போன் திரையில் பார்த்துக் கொஞ்சுவதோடு சரி. மிச்சம் இருந்தது மாமனார் ஒருவர்தான்.

மாமனார் பெயர் சதார்பெக். மருமகள் வாயால் அந்தப் பெயர் வரக்கூடாது. நமக்கு அந்தத் தடை இல்லை. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பனியில் மாட்டிக்கொண்ட லாரியைத் தனியாக மீட்ட கதையைக் கேட்காதவர் ஊரில் கிடையாது. அப்பேர்ப்பட்டவர் காலையில் இரண்டு மணி நேரம் பேரன் பைதுரை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தார். நடந்துகொண்டே புலம்பினார். மீசையைப் பிடித்து இழுக்கிறான் என்றார். இடுப்பு போய்விட்டது என்றார். தன்னைப்போல ஒரு மனுஷனுக்கு இந்தக் கதி வரவேண்டுமா என்று கோழிகளிடம்கூடக் கேட்டார்.

புருல்சாவுக்கு அந்தப் புலம்பல் முள்ளாகக் குத்தும். ஓடும்போது பாதி மனசு பின்னாலேயே நிற்கும். திரும்பி வந்து குழந்தையை வாங்கும்போது, தலைக்குட்டையைச் சரிசெய்துகொண்டு, “மன்னிச்சுக்குங்க மாமா” என்பாள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

ஓய்வுபெற்ற ஆண்கள் கூடும் இடம் பெட்ரோல் பங்க் பெஞ்சு. அங்கே ஒருநாள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

“சதார்பெக், டயப்பர் மாத்தறதுக்கும் லைசன்ஸ் எடுத்தாச்சா?”

“மருமக மெடல் வாங்கினா அதுல பாதி உனக்கா?”

“அடுத்த மாசம் ஏரிக்கரை மாரத்தான் வருதாமே. அவ ஓடுவா, நீ பால் புட்டியத் தூக்கிட்டுப் பின்னாடியே ஓடு!”

அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். “இங்க பாருங்க! போட்டியன்னிக்கு மத்தியானம் ஒரு மணிக்குச் சாலையத் திறந்து விடுவாங்க. சாலை திறக்கறதுக்குள்ள அவ ஓடி முடிச்சிட்டா, பையன் பள்ளிக்கூடம் போற வரைக்கும் நான் வாயத் திறக்காம அவனப் பாத்துக்கறேன். முடிக்கலன்னா அந்தச் செருப்பு தொழுவத்துப் பரண்ல ஏறிடும். அவ்வளவுதான்!”

பெரியவர்கள் முன்னால் சொன்ன சொல்லை அந்தக் கரையில் யாரும் திரும்ப வாங்குவதில்லை. சாயங்காலத்துக்குள் சேதி மாஸ்கோ ரொட்டிக்கடை வரைக்கும் போய்விட்டது.

புருல்சா அன்று இரவு அழுதாள். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். காலை ஏழு மணிக்கு ஓட்டம் தொடங்குகிறது. அவள் வேகத்துக்குப் பன்னிரண்டரைக்குள் முடித்துவிடலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கணக்கில் அவள் விட்டுவிட்டது ஒன்று உண்டு. ரொட்டி.

நம் ஆட்களின் வீட்டு வாசல் வரை வந்துவிட்டு ரொட்டியில் ஒரு துண்டு வாயில் வைக்காமல் போவது, அந்த வீட்டுக்காரர் முகத்தில் துப்புவதற்குச் சமம். அவசரம் என்று சொல்லித் தப்ப முடியாது. ஏரிக்கரை மாரத்தான் போகும் சாலையோ ஏழு கிராமங்களைத் தாண்டுகிறது. ஏழிலும் சதார்பெக்கின் சொந்தக்காரர்கள்.

முதல் கிராமத்தின் எல்லையிலேயே உல்ஜான் சித்தி சாலையோரம் மேஜை போட்டு, பூப்போட்ட விரிப்பு விரித்து நின்றுகொண்டிருந்தாள். மேஜைமேல் ரொட்டி, பாலாடை, ஆப்ரிகாட் பழ ஜாம், பொரித்த மாவுத்துண்டு ஒரு குவியல்.

“அடி புருல்சா! நில்லு, நில்லு! உனக்காகக் காலையிலேயே சுட்டது!”

“சித்தி, போட்டி நடக்குது!”

“நடக்கட்டுமே. நான் என்ன உன்ன உக்காரவா சொல்றேன்? ஒரு வாய் வச்சிட்டுப் போ.”

ஒரு வாய் வைத்தாள். “அது என்ன எலி கொறிச்ச மாதிரி?” என்றாள் சித்தி. இன்னொரு வாய். தேநீர். அப்புறம் குழந்தை எப்படி இருக்கிறான், பல் முளைத்ததா, மாமியார் எப்போது வருகிறாள். பதில் சொல்லாமல் போனால் திமிர் பிடித்தவள் என்று பேர் வரும். கடைசியில் உள்ளங்கைகளைத் தன் முகத்தில் தடவி ஆசி சொல்லித்தான் அனுப்பினாள்.

இரண்டாவது கிராமத்தில் இரண்டு மேஜைகள். மூன்றாவதில் ஜூமாபெக் சின்ன மாமா. அவர் ஆட்டுக்கறிக் குழம்பே வைத்திருந்தார். பக்கத்தில் ஓடிவந்த ஒரு ஜெர்மன்காரர், இது போட்டி நடத்துகிறவர்கள் கொடுக்கும் சாப்பாடு என்று நினைத்து ஒரு கிண்ணம் வாங்கி உட்கார்ந்தே விட்டார். அதற்கப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை.

“எல்லாரும் எப்படி சின்ன மாமா இங்க...?” என்று வாய் நிறைய ரொட்டியோடு கேட்டாள் புருல்சா.

“எங்கண்ணன் போன் பண்ணாரே. ‘என் மருமக உங்க வாசல் வழியா வரா’ன்னு சொன்னாரு. எல்லாருக்குமே பண்ணியிருக்காரு.”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வயிறு பற்றி எரிந்தது, பாதி குழம்பால், பாதி கோபத்தால். ஓ, இதுதான் திட்டமா! நேராகத் தடுக்காமல் ஊட்டித் தடுக்கிறாரா? ஒவ்வொரு மேஜையிலும் சாலை திறக்கும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாவது கிராமத்தைத் தாண்டும்போது அவளால் ஓட்டம் என்று சொல்லக்கூடியதைச் செய்ய முடியவில்லை. நிறைசூலி நடப்பதுபோல் அசைந்து அசைந்து போனாள்.

ஆறாவது கிராமத்துக்கு வெளியே, பாப்ளார் மரத்தடியில் மாமனாரின் பழைய கார் நின்றது. பைதுர் அழுகிற அழுகை காருக்கு வெளியே கேட்டது. மாமனார் முகமெல்லாம் பாலும் கஞ்சியும் வழிந்துகொண்டிருந்தது.

“புட்டிய வாய்லயே வாங்க மாட்டேங்கறான். என் மேலயே துப்பறான்” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவளுக்கும் மார்பு கல்லாகக் கனத்துக்கிடந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தாள். மாமனார் தன் நீளமான கோட்டைக் கழற்றி, இரண்டு கையாலும் திரைபோல விரித்துப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முதுகு காட்டி, ஏரியைப் பார்த்து நின்றார். கடந்துபோன ஓட்டக்காரர் ஒருவர் தலையைத் திருப்ப, “என்னடா பாக்கற? முன்னாடி பாத்து ஓடு!” என்று அதட்டினார்.

கோட்டுக்குப் பின்னாலிருந்து புருல்சா பேசினாள். நேருக்கு நேராக இருந்திருந்தால் பேசியிருக்க மாட்டாள். “நான் தோக்கணும்னா நேரா சொல்லியிருக்கலாமே மாமா. ஊர் ஊரா ரொட்டி சுடச் சொல்லணுமா?”

“யாரு சொன்னா? நான் எங்க ரொட்டி சுடச் சொன்னேன்?” கோட்டு ஆடியது. “அவ ஓடி வருவா, பிடிச்சு வண்டியில ஏத்தி வீட்டுக்குக் கொண்டாந்து விட்றாதீங்கன்னுதான் சொன்னேன். அன்னிக்கு ஜூமாபெக் செஞ்ச மாதிரி ஆயிடக்கூடாதுன்னு. ரொட்டி அவங்களாச் சுட்டது. நம்ம ஆளுங்களத் தெரியாதா உனக்கு?”

தெரியும். பைதுர் சாவகாசமாகக் குடித்தான். உலகத்தில் அவன் ஒருத்தனுக்குத்தான் அவசரம் இல்லை.

“இன்னும் அரை மணி நேரந்தான் இருக்கு. ஆறு கிலோமீட்டர். முடியாது மாமா” என்றாள். பரண்மேல் தூசி படிந்து கிடக்கப்போகும் காலணி கண்ணில் தெரிந்தது. அந்த இரண்டு மணி நேரம்தான் அவள் தன்னுடையது என்று வைத்திருந்த ஒரே சொத்து. அது இல்லாமல் மற்ற இருபத்திரண்டு மணி நேரத்தை எப்படிச் சமாளிப்பாள் என்று தெரியவில்லை.

“யாரு முடியாதுன்னு சொன்னது? பையனக் கொடு. எழுந்திரு. ஓடு!” என்றார் மாமனார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் சட்டைப்பையில் போனைத் தேடினார்.

அவள் ஓடினாள். ஏழாவது கிராமத்தின் மேஜையைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டி, ஒரு துண்டைப் பிடுங்கிக்கொண்டு பறந்தாள். கடைசித் திருப்பத்தை அடைந்தபோது ஒரு மணி தாண்டிவிட்டிருந்தது. அழுதுகொண்டேதான் திரும்பினாள்.

திரும்பினால், சாலை முழுக்க ஆடு.

மேட்டிலிருந்து ஏரிக்கு இறங்கும் ஆட்டு மந்தை, ஓரத்திலிருந்து ஓரம்வரை சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் லாரிகளும் கார்களும் ஹார்ன் அடித்து ஓய்ந்துபோயிருந்தன. தடுப்புக்கட்டையைத் தூக்கப்போன போலீஸ்காரர் அதைப் பிடித்தபடியே கத்திக்கொண்டிருந்தார். நடுச்சாலையில் மேய்ப்பன் கெங்கேஷ் குதிரைமேல் உட்கார்ந்து நிதானமாகச் சிகரெட் பற்றவைத்தான்.

“ஓட்டிட்டுப் போய்யா! நான் சாலையத் திறக்கணும்!”

“ஆடுங்கய்யா இதுங்க. போலீஸ் சொன்னா கேக்குமா?”

புருல்சா ஆடுகளுக்குள் புகுந்தாள். முழங்காலால் தள்ளி, கையால் விலக்கி, ஒரு கிடாவோடு கொஞ்ச தூரம் சண்டைபோட்டு நகர்ந்தாள். குதிரையருகே வந்தபோது கெங்கேஷ் குனிந்து சொன்னான்.

“சீக்கிரம் போக்கா. இல்லன்னா நான் ஏன் இந்த நேரத்துல ஆட்டக் கீழ இறக்கறேன்? உம்மாமனார் போன்ல கத்தற கத்துல காதே அடைச்சுப்போச்சு. நீ தாண்டற வரைக்கும் ஒரு ஆடு நகரக்கூடாதாம்.”

அவள் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டாள். கிடா முட்டிய பிறகுதான் நகர்ந்தாள்.

முடிவுக்கோட்டை அவள் தொட்டபோது சுருட்டத் தொடங்கிய கம்பளத்தை மறுபடி விரித்தார்கள். கழுத்தில் மெடல் விழுந்த பிறகுதான் ஆடுகள் நகர்ந்தன, கட்டை உயர்ந்தது, சாலை திறந்தது. பெட்ரோல் பங்க் பெரியவர்கள் கடிகாரத்தைக் காட்டி முணுமுணுத்தார்கள். “நான் மணி சொன்னேனா, சாலை சொன்னேனா?” என்று சதார்பெக் கண்ணை உருட்டிக் கேட்டார். சாலைதான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முற்றத்தில் இறங்கியதும், எங்கோ பார்த்துக்கொண்டு அவர் கேட்டார்.

“அப்ப நாளைக்கு வழக்கம்போல அஞ்சு மணிக்குத்தானே?”

“நாளைக்கா? காலு ரெண்டும் செத்துப்போச்சு மாமா. ரெண்டு வாரம் ஓடக்கூடாது. ஓய்வெடுக்கணும்.”

“ரெண்டு வாரமா?” என்றார். ஓய்வு கிடைத்தவர் முகம் அப்படி விழுந்து அவள் பார்த்ததில்லை. “சரி. நல்லது. எனக்கும் இடுப்புக்கு ஓய்வு” என்று பைதுரை அவளிடம் நீட்டினார். நீட்டிய கை, கொடுக்காமல் அப்படியே நின்றது. பையன் மீசையைப் பிடித்து இழுத்தான். அவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

இத்தனை நாள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவர் கையிலிருந்து வாங்கியது எதை என்று புருல்சாவுக்கு அப்போது புரிந்தது. அவளுக்கு அந்த மனிதர்மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது.

“ஓடலன்னாலும் தூங்கணும் மாமா. ஏழு மணி வரைக்கும் எழுந்திருக்கவே மாட்டேன். நீங்கதான் அவனப் பாத்துக்கணும். வாயத் திறக்காமப் பாத்துக்கறேன்னு ஊர் முன்னாடி சொல்லியிருக்கீங்க.”

“வேற வழி? சொல்லித் தொலைச்சிட்டேனே” என்று அலுத்துக்கொண்டார் சதார்பெக். அதற்குள் பேரனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கோழிகள் பக்கம் போய்விட்டிருந்தார்.