ஐந்து திங்கட்கிழமைகள்

தாராவியில் சுடலைக்கண்ணனின் வீடு ஒரு மொபைல் ரிப்பேர் கடைக்கு மேலே இருந்தது. இரும்பு ஏணியில் பதினொரு படி ஏறினால் வாசல். ஞாயிற்றுக்கிழமை காலையில் காதுகுத்துப் பத்திரிகையோடு செம்பூரிலிருந்து வந்த பூமாரி, அண்ணன் ஏணியில் பாதி வழியில் நிற்பதைக் கண்டாள். கையில் ஒரே ஒரு பால் பாக்கெட். தோல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இதே ஏணியில் விசிலடித்தபடி ஏறியவன்.

கேட்டதற்கு, தூசி என்றான். வாசலை எட்டுவதற்குள் இன்னும் இரண்டு தடவை நின்றான்.

அண்ணனும் தங்கையும் பதினொரு வருஷம் பேசாமல் இருந்தவர்கள். பூமாரி தன் இஷ்டத்துக்கு விக்ரோலி நாகராஜைக் கட்டிக்கொண்டதில் வந்த கோபம். அவளுடைய மூத்த பையன் காதுகுத்துக்குத் தாய்மாமன் வரவே இல்லை. நாகராஜோடு வேலை பார்த்த யாரோ ஒருவர் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். அன்றைக்கு அவள் அழுத அழுகையை நாகராஜ் இப்போதும் சொல்லிக்காட்டுவான்.

அப்புறம் சுடலைக்கண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. கூடப்பிறந்தவள் இவள் ஒருத்திதான். இவளுடைய ஸ்டெம் செல் ஒத்துப்போனது. நாலு மணி நேரம் மெஷினோடு படுத்துக் கொடுத்தாள். நோய் போயிற்று, கோபமும் போயிற்று. அது நடந்து பதினாலு மாசம் ஆகிறது. வருகிற வெள்ளிக்கிழமை, அவளுடைய மூன்று வயது மகள் இசக்கிக்குக் காதுகுத்து. இந்தத் தடவை மாமன் மடி நிச்சயம்.

டாக்டர் மட்டும் ஒன்றை நூறு தடவை சொல்லியிருந்தார். தங்கையிடமிருந்து வந்த செல்கள் அண்ணனின் நுரையீரலை வேற்றாள் என்று நினைத்துத் தாக்கலாம். சின்னச் சின்னக் காற்றுக்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. அதனால் திங்கட்கிழமைதோறும் கையடக்க மெஷினில் ஊதி, காட்டுகிற எண்ணை நோட்டில் எழுத வேண்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் அன்றைக்கே வர வேண்டும். போன மூச்சு திரும்பி வராது என்றும் சொல்லியிருந்தார்.

பூமாரி நோட்டை எடுத்துப் பார்த்தாள். கடைசி ஐந்து வாரமும் 2.9, 2.9 என்று ஒரே எண். அதற்கு முன்னால் ஏறியும் இறங்கியும் இருந்த எண், திடீரென்று வாத்தியார் கொடுத்த இம்போசிஷன் மாதிரி வரிசையாக நின்றது.

ஒரு தடவை என் முன்னால் ஊது என்றாள். இப்போதுதான் சாப்பிட்டேன் என்றான், நாளைக்குத்தானே திங்கட்கிழமை என்றான். அவள் மெஷினை எடுத்து அவன் கையில் வைத்தாள். வேறு வழியில்லாமல் ஊதினான். முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். 1.8 என்று காட்டியது.

டீ கொண்டுவந்த விஜயலட்சுமி மைனி, தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். கட்டின பெண்டாட்டிக்கும் தெரியாமல்தான் மறைத்திருக்கிறான்.

"அஞ்சு வாரமா எறங்குதுட்டி," என்றான். "சொன்னா அன்னைக்கே படுக்க வச்சிருவாவ. வெள்ளிக்கிழமை பிள்ளைய யார் மடில வைப்ப? இந்தத் தடவையும் எவனோ ஒருத்தன் மடிலயா?" மூச்சு வாங்க நிறுத்தினான். "அதோட, ஒன் செல்லுதான் என்னைக் கடிக்குதுன்னு தெரிஞ்சா, மனசாரக் குடுக்கலன்னு நம்ம ஆளுவ பேசும். அத நீ கேக்கணுமா?"

"ஒன் மூச்சைக் குடுத்து எனக்குச் சீர் செய்யச் சொன்னனா?" என்றாள் பூமாரி. அதற்கு மேல் பேசினால் கை நீட்டிவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் போகும்போது அந்தக் கோபம் அவள் பக்கமே திரும்பியது. தினமும் போன் போட்டு, வெள்ளிக்கிழமையை மறந்துடாதே அண்ணே என்று சொன்னவள் யார்? அன்றைக்கு செல் கொடுக்க மெஷினோடு படுத்திருந்தபோது, இனி இவன் வராமல் எங்கே போவான் என்று ஒரு நினைப்பு ஓடியதே, அதுவும் உண்மைதான். மனசாரக் கொடுத்தாளா என்று இப்போது யாராவது கேட்டால் அவளால் சட்டென்று பதில் சொல்ல முடியாது.

ஸ்கேன் எடுத்தார்கள், பெரிய மெஷினில் ஊத வைத்தார்கள். என் செல்லைத் திருப்பி எடுத்துவிட முடியாதா என்று பூமாரி டாக்டரிடம் இந்தியில் கேட்டாள். புற்றுநோயைத் திரும்ப வரவிடாமல் காவல் காப்பதும் அதே செல்கள்தான் என்றார் அவர். அடக்கி வைக்கத்தான் முடியும். ஸ்டீராய்டு, இன்ஹேலர் என்று ஆரம்பித்தார். மிச்சம் இருப்பது நிற்குமா என்று மூன்று மாசத்தில் தெரியும். தாமதத்துக்கு அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பூமாரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காதுகுத்தை நிறுத்தினாள். வைத்த நாளை மாற்றக்கூடாது என்று குர்லாவிலிருந்து நாகராஜின் பெரியப்பா போன் செய்து, வேண்டுமானால் தன் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றார். அவள் போனை வைத்துவிட்டாள்.

மூன்று மாசம் கழித்து, எண் 1.6-இல் நின்றது. இறங்கவில்லை, ஏறவும் இல்லை. இப்போதைக்கு இதுவே நல்ல செய்தி என்றார் டாக்டர். கூட்டம் சேர்க்காமல், அந்த ஏணி வீட்டிலேயே காதுகுத்து வைத்தார்கள். ஜன்னலைத் திறந்து வைத்து எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். புது வேட்டியில் உட்கார்ந்திருந்த சுடலைக்கண்ணன் மடியில் இசக்கியை வைத்தாள் பூமாரி. இத்தனை வருஷமாக ஆசைப்பட்டது இதற்குத்தானா என்று இருந்தது.

ஆசாரி இரண்டு காதும் குத்தி முடிப்பதற்குள் பிள்ளை வீறிட்டு அழுதாள். அடிபட்டால் அம்மா ஊதிவிடுவது அவளுக்குப் பழக்கம். இன்றைக்கு மடி மாமனுடையது.

"மாமா, ஊது," என்றாள்.

அவன் மாஸ்க்கை இறக்கிக் குனிந்து, அவள் காதோரம் உதட்டைக் குவித்து ஊதினான். நெஞ்சு ஏறி இறங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. காதை ஒட்டிக் கிடந்த பூனைமுடி அசையவில்லை.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் காதை அவன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் இன்னும் ஊதவே ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தாள்.

"ஊது மாமா," என்றாள் மறுபடியும்.