தாய்மாமனுக்கு விசா

மனைவியின் கைபேசியை அணைத்து, கம்பு மாவு டின்னுக்குள் புதைத்து, மூடியை அழுத்திக்கொண்டிருந்த மதன்சிங்குக்கு முதுகுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"மாவு எதுக்கு இப்ப?" என்றாள் சஜ்ஜன்.

"சமையல்காரன் கேட்டான்."

"அவனுக்குக் கை கால் இல்லையா? பொண்ணோட அப்பா மாவு டின்னைக் கட்டிக்கிட்டு நின்னா பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்க? என் போனைப் பார்த்தீங்களா?"

"எங்கயாவது கிடக்கும். பசங்க எடுத்து விளையாடுவாங்க."

"தம்பி கூப்பிடுவான்."

"எல்லை தாண்டிட்டா அவன் சிம் இங்க வேலை செய்யாது. உனக்குத் தெரியாதா?"

அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாசலில் யாரோ கூப்பிட, போய்விட்டாள். ஜோத்பூரில் முப்பது வருஷம் வாத்தியாராக இருந்து ஊர்ப் பிள்ளைகளின் பொய்யையெல்லாம் மோப்பம் பிடித்தவருக்கு, சொந்தப் பொய் ஒன்று வெளியே வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

சஜ்ஜனின் தம்பி சகத்சிங் முந்தாநாள் விடியற்காலையில் எல்லைக்கு அந்தப் பக்கம், பாகிஸ்தானில் இருக்கும் உமர்கோட்டில் இறந்துபோனான். அவள் வாசலில் நின்று அவனுக்காகக் கோலப்பொடி வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

உமர்கோட்டில் சஜ்ஜன் பிறந்த ராஜபுத்திரக் குலத்தார் எல்லாரும் ஒருவருக்கொருவர் அண்ணன் தங்கை முறை. பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டுமென்றால் எல்லை தாண்டி இந்தப் பக்கம்தான் வர வேண்டும். கட்டிக்கொடுத்த பிறகு பெண்ணும் பிறந்த வீடும் பார்த்துக்கொள்வது விசாவின் தயவு. காக்கை பறந்தால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரும் தூரம். அம்மா செத்தபோது சஜ்ஜனால் போக முடியவில்லை, விசா வந்தபோது கருமாதியே முடிந்திருந்தது. அக்காளும் தம்பியும் நேரில் பார்த்து இருபது வருஷம் ஆகப்போகிறது.

மகள் பாவனாவின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். விசாவுக்கு எழுதிப்போட கல்யாணப் பத்திரிகை வேண்டும் என்றார்கள். அதனால் நாள் குறிப்பதற்கு முன்பே மதன்சிங் ஒரு பத்திரிகை அடித்தார். அழைக்கிற நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்து, அதில் அதிகாரி முத்திரைக்காகத் தாசில் அலுவலக வராந்தாவில் வாரக்கணக்கில் உட்கார்ந்தார். ஜோசியர் சொன்ன முகூர்த்தம் வந்தது, விசா வரவில்லை. கல்யாணத்தையே தள்ளி வைத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார், "சம்பந்தி, அடுத்த தடவையும் தள்ளினா நாங்க வேற வாசல் பார்ப்போம்." சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

கடைசியில் போன வாரம் விசா வந்தது. சகத்சிங் அக்காவுக்குக் கைபேசியில் பாஸ்போர்ட்டைக் காட்டி, அந்தப் பக்கத்தை முத்தமிட்டான். லாகூர் போய், எல்லைக் கதவு வரை வண்டியில் வந்து, நடந்து தாண்டி, அம்ரித்சரில் ரயில் ஏறுவதாக ஏற்பாடு. கிளம்புகிற அன்று பெட்டியைத் தூக்கியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மகன் மஹிபால்தான் மதன்சிங்கைக் கூப்பிட்டுச் சொன்னான். "மாமா, அத்தைகிட்ட நீங்கதான் சொல்லணும்," என்றான்.

மதன்சிங் தன் அக்கா ரூப் கன்வரிடம் மட்டும் சொன்னார். அவள் அழவில்லை, அழுகையைப் பிறகு பார்த்துக்கொள்கிற ரகம்.

"வாயைத் திறந்துடாத மதனா. தீட்டு சாவுல தொடங்காது, காதுல விழுந்ததும்தான் தொடங்கும். அவ காதுல விழுந்தா பொண்ணைத் தொட முடியாது, மாப்பிள்ளைக்குத் திலகம் வைக்க முடியாது. மூலையில உட்கார வேண்டியதுதான். அப்புறம் சம்பந்தி வீட்டுக்கு யார் பதில் சொல்றது?"

"நாளைக்கு எப்படிக்கா அவ மூஞ்சியில முழிப்பேன்?"

"நாளைக்கு முழிக்கிறதை நாளைக்குப் பாரு. இன்னைக்குப் பொண்ணைக் கரையேத்து."

சரி என்று தலையாட்டிவிட்டார். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. சகத்சிங் வெறும் மைத்துனன் இல்லை. இவர் கிண்டலுக்கெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து ஈடு கொடுத்த ஒரே ஆள். அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடக்கூட இந்த வீட்டில் மறைவிடம் இல்லை.

பொழுது சாயும்போது சீர் வாங்கும் நேரம் வந்தது. வாசலில் பலகை போட்டு, அதன் மேல் சஜ்ஜன் தட்டோடு நின்றாள். பின்னால் பெண்கள் தாய்மாமன் வருகிறான் என்று பாடிக்கொண்டிருந்தார்கள். தம்பி தெருமுனையில் திரும்பி வர வேண்டும், இவள் திலகம் வைக்க வேண்டும், அவன் சிவப்பு முக்காட்டை அவள் தலையில் போர்த்த வேண்டும். அது ஆகாமல் கல்யாணத்தில் அடுத்த காரியம் எதுவும் நகராது.

பாட்டு ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கியது. தெருமுனையில் ஒரு மாடு மட்டும் நின்றது.

மதன்சிங் பலகையருகே போனார். "எல்லையில நிறுத்திட்டாங்களாம். காகிதத்துல ஏதோ கோளாறு. நாளைக்குத்தான் விடுவாங்க போல."

"யார் சொன்னது?"

"மஹிபால்."

சஜ்ஜன் தட்டை இறக்கவில்லை.

"அதான் ஹரிசிங்கை வரச் சொன்னேன்," என்றார். இரும்புக்கடை ஹரிசிங் உமர்கோட்டிலிருந்து சின்ன வயசில் இங்கே வந்தவர். ஊர் முறைக்கு அவளுக்குத் தம்பி. புது வேட்டியும் கையில் சிவப்பு முக்காடுமாக, பெண்பார்க்க வந்தவர் மாதிரி கூச்சத்தோடு ஓரமாக நின்றார். "உனக்கு இவரும் தம்பிதானே. அவர் போர்த்தட்டும், நேரமாகுது."

"ஹரிசிங், தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் சஜ்ஜன். "கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நான் இன்னொருத்தர் கையால போர்த்திக்கிட்டா, அவன் ஆயுசை நானே அறுத்த மாதிரி. நாளைக்கு வர்றான்னா நாளைக்கு வரட்டும். நான் நிக்கிறேன்."

"மாப்பிள்ளை ஊர்வலம் வந்துகிட்டிருக்கு, தெரியுதா?"

"வரட்டும். அவங்களும் நிக்கட்டும்."

பாட்டு நின்றுவிட்டது. ரூப் கன்வர் தம்பியைப் பார்த்த பார்வையில், வாயைத் திறந்தாயோ தொலைந்தாய் என்றிருந்தது. திறக்காவிட்டாலும் தொலைந்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. தூரத்தில் பேண்டு வாத்தியம் கேட்க ஆரம்பித்தது.

"பாவனா, உன் போனைக் கொடு," என்றாள் சஜ்ஜன். "மஹிபால் வாயால நான் கேட்கணும். முகத்தைப் பார்த்துக் கேட்கணும்."

மணப்பெண்ணின் கைபேசியை ஒளித்து வைக்க வேண்டும் என்று மதன்சிங்குக்குத் தோன்றாமல் போயிற்று. மூன்றாவது மணியில் மஹிபால் எடுத்தான். பாவம், மதன்சிங் சொல்லிவைத்தபடி அவனும் தயாராகத்தான் இருந்தான். தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவன் வெள்ளைத் தலைப்பாகை கட்ட வேண்டிய நாளில், அத்தைக்காகச் சிவப்புத் தலைப்பாகை கட்டியிருந்தான். அதன் தொங்கலை வாயைச் சுற்றி இழுத்துச் செருகியிருந்தான்.

"அத்தை, கும்பிடறேன்."

"நல்லா இருடா. அப்பாவை எங்க நிறுத்தி வெச்சிருக்காங்க?"

"எல்லையில, அத்தை. நாளைக்கு விட்டுடுவாங்க."

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டார்."

"வாயில என்ன துணி?"

"புழுதி, அத்தை. காத்து பலமா அடிக்குது."

"வீட்டுக்குள்ளயா? பின்னால சுவர்க்கடிகாரம் தெரியுது. துணியை எடு. அத்தைகிட்ட என்ன வெட்கம்?"

மஹிபால் அசையவில்லை. ஒரு கையில் தட்டும் மறுகையில் கைபேசியுமாக நின்ற சஜ்ஜனும் அசையவில்லை. பிறகு அவன், பெரியவர்கள் சொல்லைத் தட்டிப் பழகாத பிள்ளை, தொங்கலை மெல்லக் கீழே இழுத்தான்.

மீசை இல்லை. இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டு, ஊரே கேலி பேசினாலும் ஒரு முடியைக் கத்தரிக்க விடாமல் வைத்திருந்த மீசை. அந்தக் குலத்து ஆண்கள் தகப்பன் செத்தால் ஒழிய மீசையை எடுப்பதில்லை. வெயில் படாத மேலுதடு வெளுத்துத் தெரிந்தது.

மதன்சிங் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். இப்போது தட்டு விழும், இப்போது அலறுவாள் என்று எதிர்பார்த்து, தாங்கிப் பிடிக்க ஒரு கையை நீட்டியும் விட்டார்.

"தலைப்பாகை உனக்கு நல்லாருக்குடா," என்றாள் சஜ்ஜன். "போய் அம்மா பக்கத்துல இரு."

கைபேசியை மகளிடம் கொடுத்தாள். முகத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஹரிசிங்," என்றாள். "வாங்க. நீங்களே போர்த்துங்க."

ஹரிசிங் திகைத்து மதன்சிங்கைப் பார்த்தார். கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சஜ்ஜன் மனம் இளகிவிட்டது, நல்லதாயிற்று என்று பாட்டை எடுத்துவிட்டார்கள். மதன்சிங்குக்குப் புரிந்தது. அவர் சொல்லாததை, அத்தனை பேருக்கு நடுவில், அவள் தலைகுனிந்து போர்த்திக்கொண்டாள்.

உள்ளே போகும் வழியில் அவளை நிறுத்தினார். "சஜ்ஜன், நான் உன்கிட்ட..."

"பொண்ணு படியிறங்கட்டும்," என்றாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. "அதுவரைக்கும் என் காதுல எதையும் போடாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அதன்பிறகு எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. மாப்பிள்ளைக்குத் திலகம் வைத்தாள். சம்பந்திப் பெண்கள் பருப்பில் உப்பில்லை என்று சீண்டியபோது, "உங்க பையன் உப்புப் போட்டுத் தின்கிற ஆளான்னு பார்க்கத்தான்," என்று திருப்பிக் கொடுத்தாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் மதன்சிங்கைச் சுட்டது. இவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தும் இவளை அறியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

காலையில் பாவனா அழுது, எல்லாரையும் அழவைத்து, வண்டி ஏறிப் போனாள். அப்போதும் சஜ்ஜன் மகளுக்காக அழ வேண்டிய அளவுதான் அழுதாள்.

பந்தல்காரர்கள் துணியை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். மதன்சிங் அவளைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். சிவப்பெல்லாம் களைந்து, நிறமில்லாத பழைய துணி உடுத்து, மாற்றுத் துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குழாயடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலைமுழுக வைத்த வாளி நிரம்பி, தண்ணீர் சிமெண்டில் வழிந்துகொண்டிருந்தது.

அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க," என்றாள் சஜ்ஜன்.

அவர் உதடு அசைந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் எட்டிக் குழாயைத் திருகி மூடினாள்.