ஒரு தடவைதான் கேட்டாள்

"வேணாம்னா? வேணாம்னு சொன்னா ஒடனே எடுத்துப் பைக்குள்ள போட்டுக்குவாளாடா?" காளியாயி போட்ட சத்தம் தண்ணி பிடிக்கிற பீலிக்கரை வரை கேட்டது.

"நீங்கதானேம்மா வேணாம்னீங்க?" கணேசமூர்த்தியும் விடவில்லை.

"மொத தடவ வேணாம்னுதான்டா சொல்லுவாங்க. இன்னொரு தரம் நீட்டுனா வாங்கிக்க மாட்டேனா? எப்பேர்ப்பட்ட கம்பளிச் சால்வ!"

நெருப்புக் கேட்டு வந்த, அதே லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் ராக்காயி, கொள்ளிக்கட்டை கைக்கு வந்த பிறகும் நகரவில்லை. "வெள்ளக்காரிக்கு நம்ம நாசூக்கு எங்கடி தெரியும்?" என்று ஊதிவிட்டாள்.

சால்வைக்காரி இங்கர் அப்போது கோயில் பக்கம் படம் பிடிக்கப் போயிருந்தாள். டென்மார்க்கிலிருந்து ஒரு வருடப் படிப்புக்கு வந்தவள். இந்தத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன ஒரே ஆளான கணேசமூர்த்திக்கு வகுப்புத் தோழி. மறுநாள் கொழும்பில் அவளுக்குக் கப்பல்.

"அவங்க ஊர்ல வேணாம்னா வேணாம்தாம்மா. ஒரு தடவைதான் கேப்பாங்க. வற்புறுத்துனா மரியாதை இல்ல." அவன் விளக்கியதில் பேராசிரியர் தோற்றார்; ராக்காயிக்குக்கூடப் புரிந்துவிட்டது.

மத்தியானம் இங்கரை ரயிலேற்ற நானுஓயா ஸ்டேஷனுக்குப் போனான். அவன் நெஞ்சில் இருந்தது லயத்துக் கோழிகளுக்குக்கூடத் தெரியும். அவளிடம் மட்டும் சொன்னதில்லை. ரயில் வந்து நின்றதும் அவளே ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

"இன்னும் ஒரு வருஷம் படிக்க அனுமதி கிடைச்சிருக்கு. கப்பலை விட்டுடலாம். நான் இருக்கணும்னு நினைக்கிறீங்களா?"

உடனே ஆமாம் என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? கங்காணி மகன், அதிலும் படித்தவன், அப்படியா பறப்பான்?

"எனக்காக எதுக்கு? வீட்ல எதிர்பார்த்துக்கிட்டு இருப்பாங்க, போங்க" என்று சிரித்தான். அவள் மறுபடி கேட்பாள் என்று காத்து நின்றான். ஆமாம் என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். சரி என்று தலையசைத்து ஏறிக்கொண்டாள்.

காலையில் ஆத்தாளுக்குப் பாடம் நடத்தியது யார் என்பது ரயில் நகர்ந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஓடினான். மேடை முடிந்துபோயிற்று.

மூன்று கடிதம் எழுதினான். மூன்றுக்கும் சேர்த்து ஒரு பதில் வந்தது: "நீங்கள் போகச் சொன்னீர்கள். நான் நம்பினேன்."

இங்கர் அவள் ஊரில் ஒரு மாட்டு வைத்தியரைக் கட்டிக்கொண்டாள். கணேசமூர்த்தி பூண்டுலோயாவுக்கு வாத்தியாராகப் போனான். பெண் பார்க்கப் போன இடத்தில், "நாகலெட்சுமியப் பிடிச்சிருக்கா தம்பி?" என்று கேட்டவர் வாயை மூடுமுன்னே ஆமாம் என்றானாம். அவசரக்கார மாப்பிள்ளை என்று சனம் சிரித்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவன் இந்த லயத்துப் பக்கம் வரவேயில்லை. காளியாயிதான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.